குடல் ஹார்மோனும் நுரையீரலும்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவு உண்டபின் குடலின் எல் செல்கள் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன், கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியேற்றச் செய்கிறது என்பது பலரும் அறிந்த செய்தி. அதே ஹார்மோன் நுரையீரல் நுண்ணறைகளின் இரண்டாம் வகை செல்களையும் தூண்டி, நுண்ணறைகளை விரிந்தே வைத்திருக்க உதவும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளை வெளியிடச் செய்கிறது என்று 1998இல் எலியின் செல்களிலும், 2001இல் மனிதச் செல்களிலும் நடந்த சோதனைகள் காட்டின. இந்த முடிவுகளை எடுத்தாளும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன.

முதலாவது, வெளியிடுவதையும் உற்பத்தி செய்வதையும் ஒன்றாக்குவது. சர்ஃபாக்டன்ட் என்பது ஏறத்தாழ 90 விழுக்காடு கொழுப்பும் மீதி புரதமும் கொண்ட கலவை. நுண்ணறையின் உட்புற ஈரத்தில் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மூச்சு விடும்போது அறை சுருங்கி ஒட்டிவிடாமல் காப்பது அதுவே. இரண்டாம் வகை செல் இதை வெங்காயத் தோலைப் போல் அடுக்கடுக்கான உறைகளில் சேமித்து வைக்கிறது. ஜிஎல்பி-1 தன் ஏற்பியில் (செல்லின் மேல் அதைப் பற்றும் புரதத்தில்) பற்றியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் தூது மூலக்கூறு கூடி, புரோட்டீன் கைனேஸ் ஏ என்னும் நொதி விழித்துக்கொள்ள, அந்த உறைகள் செல்லின் விளிம்புக்கு நகர்ந்து தம் சரக்கைக் கொட்டுகின்றன. இருப்பு வெளியே வந்தது என்பதே இதற்குப் பொருள். புதிதாக எவ்வளவு உருவானது என்பது வேறொரு கேள்வி. இதே வேலையை டெர்புடலின் போன்ற மூச்சுக்குழல் தளர்த்தும் மருந்துகளும், செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியும் செய்கின்றன. ஓர் ஆழ்ந்த மூச்சில் செல் இழுபடுவதே இயல்பான வலுவான தூண்டுதல் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு அளவைக் கவனிக்காமல் விடுவதுதான். இரத்தத்தில் ஜிஎல்பி-1 லிட்டருக்குச் சில பிக்கோமோல்களே இருக்கும், உணவுக்குப் பின் இரண்டு மூன்று மடங்காகும். ஆய்வகக் கிண்ணங்களிலோ நானோமோல் கணக்கில், அதாவது ஆயிரம் மடங்கு அலகில், அதை ஊற்றுவது வழக்கம். மேலும் டிபிபி-4 என்னும் நொதி இதைச் சுமார் இரண்டு நிமிடங்களில் பாதியாக்கிவிடுகிறது. குடலிலிருந்து கல்லீரல் வழியாக இதயத்தைக் கடந்து நுரையீரலை அடைவதற்குள் பெரும்பகுதி சிதைந்துபோகிறது. ஆகவே "சாப்பிட்டால் சர்ஃபாக்டன்ட் பெருகும்" என்று கிண்ணச் சோதனையை மட்டும் வைத்து எழுதுவது பொருந்தாது.

கிண்ணத்துக்குள்ளும் பொறிகள் உண்டு. பிரித்தெடுத்த இரண்டாம் வகை செல்கள் சில நாட்களிலேயே தட்டையாகி, நுண்ணறைச் சுவரின் மெல்லிய முதல் வகை செல்களின் சாயலைப் பெறுகின்றன. செல் இறந்து வெடித்தாலும் கொழுப்பு வெளியே கசியும்; எனவே செல் உடைந்தால் வெளிவரும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி கசிந்ததா என்று பார்க்காத ஆய்வில், சுரப்பு எது, சிதைவு எது என்று பிரித்தறிய முடியாது. ஜிஎல்பி-1 ஏற்பியைக் கண்டறியப் பயன்பட்ட ஆன்டிபாடிகள் பலவும் வேறு புரதங்களையும் பற்றிக்கொள்பவை என்று பின்னர் தெரிந்ததால், நிறமேற்றிய படம் ஒன்றே சான்றாகாது.

பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. விஐபி எனப்படும் வாசோஆக்டிவ் இன்டெஸ்டினல் (குடல் சார்ந்த) பெப்டைடை சாமி சையது, விக்டர் முட் என்னும் ஆய்வாளர்கள் 1970இல் பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஆனால் அது நுரையீரலின் நரம்பு நுனிகளிலேயே சுரந்து மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது. குடலிலிருந்து பயணம் செய்து வந்த தூதுவனாக அதைச் சித்திரிப்பது தவறு.

கடைசியாக, மருந்துகள். ஜிஎல்பி-1 போலச் செயல்படும் நீரிழிவு மருந்துகளான லிராகுளூட்டைடு, செமாகுளூட்டைடு ஆகியவை சர்ஃபாக்டன்ட் குறைவுக்கான மருந்துகள் அல்ல. குறைமாதக் குழந்தைகளுக்கு 1980 முதல் சர்ஃபாக்டன்டையே மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்தும் முறைதான் பலன் தந்திருக்கிறது. மாறாக, இம்மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மயக்க மருந்து கொடுக்கும்போது உணவு மேலேறி நுரையீரலுக்குள் செல்லும் அபாயம் உண்டு. எனவே அறுவை சிகிச்சைக்கு முன், இவற்றை எடுத்துக்கொள்பவர் அதை மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.