கராஜில் வைத்த பழைய இரும்பு, பித்தளைச் சாமான்கள் கறள் பிடிக்காமல் காப்பது எப்படி?

ரொறன்ரோவில் வீட்டுக்குள் இடம் முடிந்தால் மிச்சமெல்லாம் கராஜுக்குத்தான் போகும். ஊரிலிருந்து வந்த பாக்குவெட்டி, பித்தளைச் செம்பு, பெற்றோமாக்ஸ் விளக்கு, யார்ட் சேலில் பேரம்பேசி வாங்கிய பழைய சிங்கர் தையல் மெஷின், டின் பொம்மைகள், காசுகள். பெரும்பாலான கராஜ்களில் ஹீட்டர் கிடையாது. "இந்தக் குளிரில் என்ன கறள் பிடிக்கப்போகுது?" என்று விட்டுவிடுகிறோம்.

உண்மையில் ஜனவரி அவ்வளவு மோசமில்லை. உறைகுளிர்க் காற்றில் நீராவி மிகக் குறைவு. ஆபத்து ஏப்ரலில். மாதக்கணக்காகக் குளிர்ந்து கிடந்த இரும்பு 4 பாகை செல்சியஸில் இருக்கும்போது, ஒருநாள் திடீரென்று 15 பாகை வெயில் அடிக்கும், மழையும் சேரும். கராஜ் கதவைத் திறக்கிறோம். 15 பாகையில் 80% ஈரப்பதமுள்ள காற்று, கிட்டத்தட்ட 11.5 பாகைக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் நீராய்ப் படியும். சாமான் எல்லாம் ஒரேயடியாக வியர்த்துப்போகும். இதோடு, காரின் சில்லில் ஒட்டிவந்த பனி கராஜுக்குள் உருகி, வீதிக்குப் போடும் உப்பையும் தரையில் விட்டுப்போகிறது. உப்பு படிந்த இரும்பு, காற்று ஓரளவு காய்ந்திருந்தாலும் கறள் பிடிக்கும்.

ஆகவே முழுக் கராஜையும் காயவைக்கப் பார்க்காதீர்கள். கதவை ஒருமுறை திறந்தால் அத்தனை பாடும் வீண். பெட்டிக்குள் இருக்கும் காற்றைக் காயவையுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழிதான்.

படி 1: ஈரமானி வாங்கிச் சோதியுங்கள்

பதினைந்து, இருபது டொலருக்கு டிஜிட்டல் ஈரமானி கிடைக்கும். மலிவானவை பிழையாகக் காட்டுவது சகஜம், ஆனால் திருத்திக்கொள்ளலாம். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு ஈரமணல் போல இருக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒரு சிப்லொக் பைக்குள் வைத்து மூடி, வீட்டுக்குள் ஒரு இரவு விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75% ஆக இருக்கும். மானி 70 காட்டினால், இனி எப்போதும் 5 கூட்டி வாசியுங்கள்.

60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பில் கறள் வேகமெடுக்கும். பெட்டிக்குள் 40 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள்.

படி 2: அழுக்கெடுங்கள், பளபளப்பாக்காதீர்கள்

இங்கேதான் அதிகம் பேர் பொருளைக் கெடுக்கிறார்கள். பித்தளை என்றதும் அம்மா செய்ததுபோலப் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். நாளாந்தம் புழங்கும் குத்துவிளக்குக்கு அது சரி. சேகரிப்புப் பொருளுக்கு வேண்டாம். புளியின் அமிலம் பல வருடங்களாகப் படிந்த அந்தக் கருமைநிறத்தை எடுத்துவிடும், வேலைப்பாட்டின் இடுக்குகளில் மிச்சம் நின்று களிம்பும் கட்டும். பழைய காசுகளைத் துடைக்கவே வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்புக் குறையும்.

இரும்புக்கு வேறு கதை. பாக்குவெட்டியை எடுத்துக்கொள்வோம். வெட்டும் அலகு, கைபிடி இரண்டும் இரும்பு என்றால், கறள் தொடங்குவது இரண்டும் சேரும் ஆணியைச் சுற்றித்தான். திறந்து மூடும்போது கரகரவென்றால் உள்ளே தூள் இருக்கிறது. அந்த இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். பிறகு மெதுவாகத் திறந்து மூடித் திறந்து மூடி, வெளியே வரும் செம்மண்நிற எண்ணெயைப் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். துணி சுத்தமாக வரும்வரை இதையே திருப்பிச் செய்யுங்கள். மேற்பரப்பில் உள்ள செங்கறளை 0000 இலக்க (மிக மெல்லிய) எஃகுப் பஞ்சில் அதே எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் தேய்த்தால் போதும். கீழே கறுப்பாய், இறுக்கமாய் இருக்கும் படலத்தை விட்டுவிடுங்கள், அதனால் தொல்லை இல்லை. பித்தளையிலோ பெயின்ட் அடித்த டின்னிலோ எஃகுப் பஞ்சைக் கொண்டுபோகாதீர்கள்.

சிங்கர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பழைய மெஷின்களின் தங்கநிறப் பூவேலைக்கு மேல் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சைப் பூசியிருப்பார்கள். அல்கஹோல் பட்டால் அது கரையும். அங்கே மெஷின் எண்ணெயும் மென்துணியும் மட்டும்.

துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு. சில வாரம் கழித்து உங்கள் கைரேகை அப்படியே கறளாய்த் தெரியும். நைட்ரில் கையுறை போடுங்கள்.

படி 3: மெல்லிய பூச்சு

தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 பாகைக்குக் கீழே கட்டியாகும், நாள்பட்டால் சிக்கடித்து அமிலமாகி, பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏற்றும். நல்லெண்ணெய் பிசின் மாதிரி ஒட்டும். WD-40 என்று உடனே கேட்பீர்கள். அதை 1953-இல் உருவாக்கியதே நீரை விரட்டத்தான், பெயரில் உள்ள WD-யும் Water Displacement (நீரை விலக்குதல்) என்பதைத்தான் குறிக்கிறது. நனைந்த சாமானைக் காயவைக்க நல்லது, மாதக்கணக்கில் காவல் நிற்காது.

நான் பரிந்துரைப்பது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, அதாவது பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு இந்த வகை. சின்ன டப்பாவுக்கு விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் வருடக்கணக்கில் வரும். துணியில் கடுகளவு எடுத்துப் பூசி, சில நிமிடம் விட்டு, வேறு துணியால் மினுக்குங்கள். பெயின்ட் உள்ள பொருளில் முதலில் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுப் பூசுங்கள். அசையும் பாகங்களுக்கு மெழுகு வேண்டாம், மெஷின் எண்ணெய் போதும்.

படி 4: பெட்டி

மூடியில் ரப்பர் போன்ற விளிம்புப் பட்டி வைத்து, கொக்கியால் இறுக்கும் பொலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். அட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஓக் மரப் பெட்டி பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அதிலிருந்து வரும் அசெற்றிக் அமில ஆவி ஈயப் பொருட்களை வெள்ளைத் தூளாக்கிவிடும். காசுகளை மிருதுவான பிவிசி உறைகளில் வைத்தால் பச்சைப் பிசுக்குப் பிடிக்கும். ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

பொருட்களை அமிலமில்லாத் தாளில் சுற்றி, இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். பொதியும் வேலையைக் கராஜில் செய்யாமல், மாரிகாலத்தில் வீட்டுக்குள் செய்யுங்கள். ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று தோல் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்திருக்கும். அந்தக் காற்றையே பெட்டிக்குள் அடைத்துவிடலாம்.

படி 5: சிலிக்கா ஜெல்

காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இவை. சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்னப் பக்கெட் எதற்கும் காணாது. 20 லிட்டர் பெட்டிக்குக் கால் கிலோவாவது போடுங்கள். நீலநிற மணிகளில் கோபால்ட் குளோரைடு உண்டு, அது உடம்புக்கு நல்லதில்லை. ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையை வாங்குங்கள். ஈரம் குடித்துப் பச்சையானால் தட்டில் பரப்பி, சமையல் அவனில் (oven) 120 பாகை செல்சியஸைத் தாண்டாமல் இரண்டு மூன்று மணிநேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஈரமானியையும் பெட்டிக்குள்ளேயே, மூடி வழியாகத் தெரியும்படி வையுங்கள்.

கடைகளில் தொங்கும் கல்சியம் குளோரைடு வாளிகள் வேறு சாதி. அவை ஈரத்தை உப்புநீராக்கிச் சேர்க்கும். கவிழ்ந்தால் உங்கள் சேகரிப்பின்மேல்தான் ஊற்றும்.

படி 6: எங்கே வைப்பது

கொங்கிறீட் தரையில் வேண்டாம், நிலத்தின் ஈரம் மேலே ஏறும். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். வீட்டோடு சேர்ந்த சுவர்ப்பக்கம், இடுப்பளவு உயரத்தில் தட்டு அடித்து வையுங்கள். காரிலிருந்து உப்புநீர் தெறிக்காத உயரம் அது.

குளிருக்கு மண்ணெண்ணெய் ஹீட்டரோ புரொப்பேன் ஹீட்டரோ கொளுத்தி ஈரம் போக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாய் வெளிவரும். புகைபோக்கி இல்லாவிட்டால் அவ்வளவும் கராஜுக்குள்தான், காபன் மொனொக்சைட்டு வேறு. கராஜுக்கே ஈரநீக்கி வேண்டுமென்றால் ஈரமுறிஞ்சும் பொருளால் வேலைசெய்யும் டெசிக்கன்ட் வகையைப் பாருங்கள். கொம்பிரெசர் வகை குளிரில் ஐஸ் கட்டி நின்றுவிடும்.

படி 7: வெளியே எடுக்கும்போது

மாரியில் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் உடனே திறக்காதீர்கள். சமையல் நடக்கும் வீட்டின் சூடான காற்று குளிர்ந்த இரும்பில் பட்டதும் வியர்க்கும். மூடியபடியே ஒரு இரவு விட்டுத் திறங்கள்.

மார்ச் முடிவிலும் செப்டம்பரிலும் ஒருமுறை ஈரமானியைப் பாருங்கள், ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள். ஈரப்பதம் 45% தாண்டியிருந்தால் ஜெல்லை அவனில் போடுங்கள். திரும்பவும் சீக்கிரம் ஏறினால் மூடியின் பட்டிதான் விட்டுப்போயிருக்கும், பெட்டியை மாற்றுங்கள்.