மனை வாங்கும் முன் தண்ணீர் நிற்குமா என்று பார்ப்பது எப்படி?

சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் 2015 டிசம்பரில் வீடுகள் மூழ்கியதை மறந்துவிட்டு மனை பார்க்கக் கூடாது. முதலில் சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புல வரைபடத்தையும் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் வரைபடம்) எடுங்கள். உங்கள் எண் பட்டா நிலமாக இருந்தால் மட்டும் போதாது. சுற்றியுள்ள எண்களில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று வகைப்பாடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வரைபடத்தில் இருக்கும் வாய்க்கால் நேரில் இல்லையென்றால், மழைத் தண்ணீர் அதே வழியைத்தான் தேடி வரும்.

அடுத்து மட்டம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். கண்ணாடி போல் தெரியும் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சாலை நடுவிலும் மறு முனையை மனையிலும் பிடியுங்கள். தரையிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரத்தை இரு முனையிலும் அளந்து பாருங்கள். சாலையில் 90 செ.மீ., மனையில் 130 செ.மீ. என்றால் மனை 40 செ.மீ. பள்ளம். டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். தட்டி வெளியேற்றிய பிறகே படியுங்கள்.

பள்ளம் என்றால் மண் கொட்டி மேடாக்கலாம் என்பார்கள். 100 மி.மீ. மழைக்கு ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) மட்டும் 22,000 லிட்டருக்கு மேல் விழும். வழி விடாமல் மேடாக்கினால் அது அடுத்த வீட்டுக்குள்தான் போகும். மனையை அப்படியே விட்டு, வீட்டின் பேஸ்மென்டை, அதாவது சுவருக்குக் கீழே தரை வரை எழுப்பும் அடித்தளத்தை, மட்டும் உயர்த்துங்கள். அக்கம்பக்கச் சுவர்களில் படிந்த பழைய நீர்க்கறையையும் அளந்து, அதற்கு மேலே வீட்டின் தரைமட்டம் வையுங்கள்.