வாடகை இருபதாம் தேதிதான் வருதா?

பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் எங்களுக்கு ஒரு வளவு உண்டு, நாலு வீடு, நாலும் வாடகைக்குத்தான். அப்பா கணக்குப் பார்த்த காலத்தில் "அடுத்த வாரம் தாரேன் அண்ணாச்சி" என்று யார் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிவிடுவார். கணக்கு என் கைக்கு வந்தபோது ஒரு வீட்டில் மூன்று மாதப் பாக்கி, இன்னொன்றில் எத்தனை மாதம் என்று அவருக்கே தெரியவில்லை.

முதலில் செய்ய வேண்டியது சண்டை இல்லை. அந்த வீட்டுக்குப் பணம் எந்தத் தேதியில் வருகிறது என்று விசாரியுங்கள். எங்கள் கடைசி வீட்டில் அந்த அக்கா பீடி சுற்றுகிறார், வாரக்கூலி. அவர் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் வேலை, சம்பளம் பத்தாம் தேதி. இவர்களிடம் ஐந்தாம் தேதி போய் நின்றால் என்ன கிடைக்கும், சாக்குத்தான் கிடைக்கும். பாதியைப் பன்னிரண்டாம் தேதி, மீதியை இருபத்தைந்தாம் தேதி என்று பிரித்துக்கொண்டோம். அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் வாடகை கேட்டுப் போனதே இல்லை, அவர்களே கொண்டுவந்து தருகிறார்கள்.

பணம் இருந்தும் இழுத்தடிப்பவர் வேறு ரகம். புது பைக் வாசலில் நிற்கும், வாடகைக்கு மட்டும் "ஜிபே வேலை செய்யல". இவரிடம் பேச்சைக் குறைத்து எழுத்தைக் கூட்டுங்கள். கெடு தாண்டிய மறுநாளே வாட்ஸப்பில், நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல், "ஜூன் மாத வாடகை 6500 இன்னும் வரவில்லை அண்ணாச்சி, 10-ம் தேதிக்குள் போட்டுவிடுங்கள்" என்று ஒரே ஒரு செய்தி. மாதம், தொகை, தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ஆளைப் பிடித்துக் கேட்பது, குழாயடியில் அவர் மனைவியிடம் ஜாடையாகச் சொல்வது எல்லாம் வேண்டாம். எங்கள் அத்தை ஒருமுறை அப்படிக் கேட்டு, வாடகைப் பேச்சு தெருச் சண்டையாகி, அந்த மாத வாடகை இன்னும் பத்து நாள் தள்ளிப்போனதுதான் மிச்சம்.

பாதிப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எந்த மாதக் கணக்கு, மீதி எவ்வளவு என்று ரசீதில் எழுதிக் கொடுங்கள். "அட்வான்ஸில கழிச்சுக்கோங்க" என்றால் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அது கரைந்துபோனால் கடைசியில் ஈபி பாக்கிக்கும் உடைந்த கதவுக்கும் நம் கையில் ஒன்றும் இருக்காது. மின் இணைப்பு எண்ணை வைத்து ஈபி பாக்கியை நீங்களே ஆன்லைனில் பார்க்கலாம்; வாடகையை இழுப்பவர் அதையும் இழுத்துக்கொண்டிருப்பார்.

என்ன கோபம் வந்தாலும் தண்ணீரை நிறுத்துவது, பியூஸைப் பிடுங்குவது, பூட்டுப் போடுவது கூடாது. தண்ணீர், கரண்டை நிறுத்தினால் அவர் வாடகை விவகாரங்களைப் பார்க்கும் அரசு அதிகாரியான வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதினொரு மாதத்துக்குப் பத்திரம் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும் என்ற பழைய நினைப்பு இனி உதவாது. எழுதும்போதே கெடு தேதி, தாமதித்தால் எவ்வளவு வட்டி என்பதையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு மாத வாடகை நின்றுபோனால் பாக்கியைக் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். ஒரு மாதத்திலும் தராவிட்டால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். நோட்டீஸை வக்கீலிடம் காட்டி அனுப்புவது நல்லது.

ஆனால் அதுவரை போகாமல் முடிந்தால் முடித்துவிடுங்கள். அந்தப் புது பைக் வைத்திருந்தவரிடம் நான் கடைசி ஒரு மாத வாடகையை விட்டுத்தருகிறேன், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றேன். அப்பாவுக்கு மனசே இல்லை, ஆனால் வழக்குச் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் எனக்கு இதுதான் மலிவாகப் பட்டது. இருபத்தெட்டாம் தேதியே போய்விட்டார். சாவி வாங்கும்போது மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்துக்கொண்டு, கணக்கு முடிந்தது என்று இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே மிச்ச அட்வான்ஸைக் கையில் கொடுத்தேன்.