பொங்கல் குளிரில் என்.ஜி.சி. 2392

பொங்கலை ஒட்டிய நள்ளிரவில் மிதுன ராசி நம் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். 1787இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த என்.ஜி.சி. 2392 என்ற நெபுலா, அதாவது முதிர்ந்த நட்சத்திரம் உதிர்த்த வாயு மேகம், அங்கேதான் இருக்கிறது. ஆனால் உச்சிக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியை நேர் மேலே திருப்பி மல்லுக்கட்டுவது வேண்டாத வேலை. இரவு பத்து மணிக்கே தொடங்கிவிடலாம்.

என்னுடையது எட்டு அங்குலக் கருவி. கண்ணாடி குளிர்வதற்காக அரை மணி முன்பே அதை மொட்டைமாடியில் வைத்துவிடுவேன். மிதுனத்திலுள்ள வசத் நட்சத்திரத்திலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காக, ஏறத்தாழ இரண்டரை டிகிரி நகருங்கள். 25 மி.மீ. கண்ணருகு வில்லையில் வடக்கு தெற்காக இரண்டு புள்ளிகள் அருகருகே தெரியும். வடக்கில் இருப்பது சாதாரண நட்சத்திரம். தெற்கில் இருப்பது எத்தனை குவித்தாலும் கூர்மையாகாமல் பஞ்சுபோல் நின்றால், அதுதான்.

இனி 6 மி.மீ. வில்லைக்கு மாறுங்கள். 200 மடங்கு உருப்பெருக்கத்தையும் தாங்கும் பிரகாசம் அதற்கு உண்டு. உற்றுப் பார்த்தால் நெபுலாவின் வட்டம் மங்கி, நடுவிலுள்ள நட்சத்திரம் மட்டும் தெரியும். பார்வையைச் சற்று விலக்கினால் வட்டம் மறுபடி உப்பிக்கொண்டு வரும். இந்தக் கண்ணாமூச்சிக்காகவே பனியில் நிற்கலாம். நெபுலாவின் ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் ஆக்சிஜன்-3 வடிகட்டி நட்சத்திரங்களை மங்கச் செய்துவிடும் என்பதால் அடையாளம் காண மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன்.

வில்லையில் பனி படர்ந்தால் வேட்டி நுனியால் துடைக்காதீர்கள்; சட்டைப்பையில் சிறிது நேரம் போட்டுவைத்தால் போதும்.