வாடகை வீட்டின் சாவி கைமாறும் நாள்: அட்வான்ஸ் தகராறு வராமலிருக்க என்ன செய்யலாம்?

உறையூரில் எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் மூன்று வருடம் இருந்த குடும்பம் காலி செய்தபோது, அட்வான்ஸில் எட்டாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். சமையலறைக் கடப்பாக்கல் மேடையில் சிங்க்கை ஒட்டி ஒரு விரிசல். “நாங்க வர்றப்பவே இருந்துச்சுக்கா” என்றார் அந்த வீட்டுப் பெண். இல்லவே இல்லை என்று நான் மனதார நம்பினேன்.

ஐந்து மாதம் கழித்து என் தங்கையின் வளைகாப்புப் படங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். கீழ்ப்போர்ஷன் காலியாக இருந்த சமயத்தில் அங்கேதான் பந்தி வைத்திருந்தோம். மேடைமேல் அடுக்கிய வளையல் தட்டுகளுக்குப் பின்னால் அதே விரிசல். அவர்கள் குடி வருவதற்கு நான்கு மாதம் முன்பு எடுத்த படம் அது. அன்றைக்கே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், பணத்தையும் அனுப்பிவிட்டேன். புது வீட்டு அட்வான்ஸுக்குப் பணம் போதாமல் வளையலை அடகு வைத்தோம் என்று அப்போதுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தப் போர்ஷன் மூன்று முறை கைமாறிவிட்டது. ஒரு முறைகூட வாக்குவாதம் வரவில்லை. நான் பின்பற்றும் முறையை முதன்முதலாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆள் பார்ப்பது, வாடகை பேசுவது, ஒப்பந்தம் டைப் செய்வது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகச் சாவிக்கு வருகிறேன்.

1. பால் காய்ச்சுவதற்கு முந்தின நாளே வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள்

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். நானும் விட்டிருக்கிறேன். ஆடி முழுக்க யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து, காலை ஆறு மணிக்குப் பால் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் “கழிவறைத் தாழ்ப்பாள் சரியா இருக்கா பாருங்க” என்று சொல்ல நமக்கும் வாய் வராது, பார்க்க அவர்களுக்கும் மனம் இருக்காது. எட்டு மணிக்குச் சாமான் வண்டி வந்துவிடும். அதன்பிறகு சுவரில் விழுந்த கீறல் பீரோ ஏற்றும்போது விழுந்ததா, பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே, வீடு முழுக்கக் காலியாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சம்ப், மேல்தொட்டி இரண்டையும் அதற்கு முன்பே கழுவி வைத்துவிடுங்கள்.

2. ஒரு நோட்டு, ஒரு கார்பன்

இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. இரண்டு போட்டுப் பார்த்தேன். போன் மாறினால் கணக்கு மறந்துபோகிறது, எதிரில் நிற்பவருக்கும் நம்பிக்கை வருவதில்லை. கடையில் கிடைக்கும் இரட்டைத்தாள் நோட்டுதான் என் தேர்வு. கார்பன் வைத்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, மேல்தாளை அவர்களிடம் கிழித்துக் கொடுத்துவிடுவேன். அசல் அவர்களிடம் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். வாசலில் தொடங்கி அறை அறையாக எழுதுங்கள்:

– கதவு, கீல், தாழ்ப்பாள், பூட்டு. எத்தனை சாவி கொடுத்தோம் என்ற எண்ணிக்கை. மொட்டைமாடிச் சாவியை மறந்துவிடாதீர்கள்.
– சுவர்: ஆணி, ஓதம், காரை பெயர்ந்த இடம். “நல்ல நிலை” என்று பொதுவாக எழுதக்கூடாது. “ஹால் கிழக்குச் சுவர், ஜன்னலுக்குக் கீழே ஓதம், இரண்டு கை அகலம்” என்று எழுதுங்கள்.
– எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள். ஃப்ளஷ் அழுத்துங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறையில் கொட்டி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள்.
– ஃபேன், லைட், கீசர் அத்தனையையும் போட்டுப் பாருங்கள்.
– மேடை, சிங்க், டைல்ஸ், ஷெல்ஃப் கண்ணாடி. இந்த வரியை எழுதும்போது எனக்கு இன்றைக்கும் அந்த வளையல் ஞாபகம் வருகிறது.

குறையை நாமே முதலில் சுட்டிக்காட்ட வேண்டும். வந்தவர் கண்ணில் படாமல் போன விரிசலையும் நாம் எழுதிக் கொடுத்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

3. படம் எடுப்பது, அனுப்புவது

ஒரே ஓட்டமாக வீடியோ ஒன்று. குறை உள்ள இடங்களுக்குத் தனித்தனிப் படம். ஈபி மீட்டர் ரீடிங்கைப் படம் எடுக்கும்போது அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பக்கத்தில் பிடித்துக்கொள்வேன். பிறகு யாருக்கும் தேதியில் சந்தேகம் வராது.

வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், எடுத்த தேதி போன்ற விவரங்களும் அழிந்துவிடும். ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும். கூடவே இருவர் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி. போன் தொலைந்தாலும் அது கிடக்கும்.

4. அட்வான்ஸ், பதிவு

அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. பத்து மாதம் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. என்னைப் பொறுத்தவரை அது குடி வருகிறவர்களின் சேமிப்பை முடக்கும் வேலை. நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

“பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு?” என்று கேட்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். வாடகைச் சட்டம் வேறு. அதன்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அரசு இணையதளத்திலேயே செய்யலாம். எழுதிய வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

5. இருக்கும் காலத்தில்

வாடகைக்கு ரசீது கொடுங்கள். வீட்டுக்குள் போக வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும். காலை 7 மணிக்கு முன்போ இரவு 8 மணிக்குப் பின்போ போகக்கூடாது. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவே கூடாது. பழுது பார்த்தால் அதே நோட்டில் தேதியோடு ஒரு வரி எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

6. காலி செய்யும்போது இரண்டு முறை பாருங்கள்

கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்பு ஒரு முறை. பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்தே நடந்து பாருங்கள். உடைந்த கண்ணாடியையோ தாழ்ப்பாளையோ அவர்களே தங்களுக்குத் தெரிந்த ஆளை வைத்துச் சரிசெய்துகொள்ள அவகாசம் இருக்கும். நாம் செய்து பிடிப்பதைவிட அவர்களுக்குச் செலவு குறைவு. வீடு காலியான பிறகு, சாவி வாங்குமுன் இன்னொரு முறை.

பெயின்ட் காசு பற்றி. ஒரு மாத வாடகையை ‘பெயின்டிங்’ என்று பிடிப்பது இங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று வருடம் மனிதர்கள் புழங்கிய வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். அந்த மூன்று வருட வாடகையை நாம்தானே வாங்கினோம்? குழந்தை கிறுக்கியதற்குக்கூட நான் பிடிப்பதில்லை. ஓதத்தை மறைக்க ஒட்டிய ஸ்டிக்கரை உரித்துக் காரையே கையோடு வந்தால், அதற்கு மட்டும் பூச்சுக்கூலியைப் பாதிப் பாதி பேசிக்கொள்வேன்.

7. ஈபி கணக்கு

நான் தடுமாறிய இன்னொரு இடம். நம் ஊரில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. யாரும் அந்தத் தேதி பார்த்துக் காலி செய்வதில்லை. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் கூடும், முதல் 100 யூனிட் இலவசம். அதனால் “யூனிட்டுக்கு இவ்வளவு” என்று மொத்தமாகப் பெருக்கினால் யாராவது ஒருவருக்கு அநியாயம் ஆகும்.

நான் செய்தது: போகும் நாள் ரீடிங்கைக் குறித்துவிட்டு, பில் வந்ததும் யூனிட் விகிதப்படி பிரிப்பேன். பில் 400 யூனிட்டுக்கு 1,200 ரூபாய், போனவர் ஓட்டியது 300 யூனிட் என்று வைத்துக்கொண்டால், அவர் பங்கு 900.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் கேட்டார், “புதிதாக வந்தவர் ராத்திரி பகலாக ஏசி போட்டால், போனவர் பங்கும் ஏறுமே?” உண்மைதான். மேல் விலைக்குப் போன யூனிட் எல்லோர் தலையிலும் பரவிவிடுகிறது. இப்போது முறையை மாற்றிவிட்டேன். மின்வாரிய இணையதளத்தில் கட்டணக் கணிப்பான் இருக்கிறது. போனவருக்கு அவர் ஓட்டிய யூனிட்டை மட்டும் போட்டுத் தொகை எடுக்கிறேன், வந்தவருக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் பில்லைவிடக் குறைவாக வரும். அந்த வித்தியாசம் என் செலவு. இன்னொரு லாபம், பில்லுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், சாவி வாங்கும் அன்றே கணக்கு முடிந்துவிடும். இரண்டு மூன்று போர்ஷனுக்குச் சேர்த்து ஒரே இணைப்பு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தனித்தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். சப் மீட்டர் வைத்து ஓனரே விலை சொல்லும் வீடுகளில் குடியிருப்பவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

8. பணம் திருப்புவது

அதே நோட்டில் கடைசிப் பக்கம்: வாங்கிய அட்வான்ஸ், வாடகை பாக்கி, ஈபி, பழுது (கடை பில்லோடு), திருப்பும் தொகை. சட்டம் ஒரு மாத அவகாசம் தருகிறது. அவ்வளவு நாள் வைத்திருக்கத் தேவையில்லை. புது வீட்டுக்கு இந்தப் பணத்தைத்தான் அவர்கள் நம்பியிருப்பார்கள். நான் சாவி வாங்கிய கையோடு அனுப்பிவிடுகிறேன். அதற்காகவே, வாங்கிய அட்வான்ஸைத் தனி வங்கிக்கணக்கில் தொடாமல் வைத்திருக்கிறேன்.

இன்னொரு பிற்சேர்க்கை: துபாயில் இருந்துகொண்டு தஞ்சாவூர் வீட்டை விடுகிற ஒருவர், நேரில் வர முடியாதே என்றார். ஊரில் இருக்கும் சொந்தக்காரர் நடக்க, நீங்கள் வீடியோ அழைப்பில் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதட்டும். தாளைப் படம் எடுத்து மூவருக்கும் அனுப்பிவிட்டால் போதும்.

வாடகைக்குப் போகிறவர்களும் எழுதியிருந்தீர்கள், “எங்க ஓனர் இதெல்லாம் செய்யமாட்டாரே” என்று. சாமான் இறக்குவதற்கு முன் நீங்களே வீடியோவும் மீட்டர் படமும் எடுங்கள். “அண்ணே, இன்னைக்கு வீடு இப்படி இருந்துச்சு, பாத்துக்குங்க” என்று ஒரு வரி போட்டு அன்றைக்கே அவர் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும், அனுப்பிய தேதியோடு அது அங்கே இருக்கும்.