மழை ஊர்ல கள்ளி வளர்க்கிறது எப்படி: மலையகத்துல புதுசா தொடங்குறவங்களுக்கு

முதல் வருஷம் வாசல்ல 7 எச்செவேரியா (ரோசாப்பூ மாதிரி இலை அடுக்குற சதைச்செடி) வச்சேன், ஜூன் முடியிறதுக்குள்ள 6 போயிருச்சு, அதுவும் காஞ்சு போகல, அழுகி. வீடியோவுல "வாரத்துக்கு ஒருக்கா தண்ணி"ன்னு சொன்னத கேட்டு ஊத்தினேன், அது வெயில் ஊர் கணக்கு, எங்க ஹட்டன் பக்கம் மே மாசம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரைக்கும் விட்டு விட்டு அடிக்கும், மழை நின்னாலும் பனிமூட்டம். இங்க கள்ளி வளர்க்கிறவங்களுக்கு பாதி வேலை தண்ணிய தடுக்கிறதுதான்.

1. செடி எடுக்கிறது

எடுத்தவுடனே வெலை கூடின உருண்டை கள்ளிய வாங்காதீங்க. ஜேட், ஹவோர்தியா, பாம்புச்செடி, கற்றாழை, இதுங்க கொஞ்சம் தப்பு பண்ணினாலும் தாங்கும். என்னைக் கேட்டா மொதல்ல கிறிஸ்மஸ் கள்ளிதான், அது பிரேசில் மலைக்காட்டுல மரத்துல ஒட்டி வளர்ற சாதி, நம்ம குளிரு அதுக்கு பிறந்த வீடு மாதிரி. இன்னொன்னு தெரியுமா, நாம பொதுவா கள்ளின்னு சொல்ற சதைச்செடி எல்லாம் இல்ல, அசல் கள்ளிக் குடும்பம் (கேக்டஸ்) எல்லாமே அமெரிக்கா கண்டத்து செடி, ரிப்சாலிஸ் ஒன்னுதான் அங்க இருந்து வெளிய வந்து தானா வளருது, அது நம்ம இலங்கை ஈரக்காட்டு மரத்துலயும் கயிறு கயிறா தொங்கும்.

2. மண்ணு

இதுலதான் எல்லாரும் சறுக்குறது. தேயிலை மலை மண்ண அப்படியே அள்ளி போட்டா ஈரத்துல களியா இறுகிடும். 1 பங்கு மண், 1 பங்கு கொம்போஸ்ட், 2 பங்கு கரடான சாமான்: அலசின ஆத்து மணல், உடைச்ச செங்கல், விறகு அடுப்புல மிஞ்சின கரித்துண்டு. கடல் மணல் வேணாம், உப்பு. கலந்தத நனைச்சு கையில அமுக்கி விரிச்சு பாருங்க, உதிரணும், கொழுக்கட்டை மாதிரி நின்னா இன்னும் மணல் போடுங்க.

3. சட்டி

மண் சட்டி நல்லது, ஈரம் பக்கவாட்டுலயும் காயும். யோகட் கப்பும் போதும், சூடாக்கின ஆணியால அடியில 4, 5 ஓட்டை போட்டுக்கோங்க. அடியில கல்லு அடுக்கினா தண்ணி வடியும்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க, ஈரம் கல்லுக்கு மேல மண்ணுலயே தேங்கி வேருக்கு கிட்ட வந்துரும். சட்டி செடிய விட ரெண்டு விரல் கூடுதலா அகலம் இருந்தா போதும்.

4. வைக்கிற இடம்

காலை வெயில் 4, 5 மணித்தியாலம் படுற பக்கம், மேல கட்டாயம் ஒரு கூரை. கண்ணாடி மாதிரி தெரியுற சீட் ஒன்னு இறவாரத்துல அடிச்சா அருமை, ஆனா பக்கம் திறந்து கிடக்கணும், காத்து இல்லாட்டி பூஞ்சணம் பிடிக்கும். நுவரெலியா பக்கம் இருக்கிறவங்க ஜனவரி, பெப்ரவரியில புல்லுல வெள்ளையா உறைபனி விழுற ராத்திரிக்கு சட்டிய உள்ள எடுத்துருங்க.

5. தண்ணி

நாள் கணக்கு பாக்காம ஈர்க்குக் குச்சிய அடி வரைக்கும் குத்தி எடுங்க, மண்ணு ஒட்டாம வந்தா நல்லா ஊத்துங்க, அடியில வடியிற வரைக்கும். ஒட்டினா விட்டுருங்க. ஜூன், ஜூலையில நான் மாசத்துக்கு ஒருக்காதான், சில சமயம் அதுவும் இல்ல. கீழ் இலை சுருங்கினா தாகம், மஞ்சளாகி கண்ணாடி மாதிரி கொழகொழன்னா தண்ணி கூடிருச்சு.

6. புதுச்செடி

எச்செவேரியா இலைய அடியோட திருகி எடுத்து, அடுப்படி பக்கம் ஒரு வாரம் காய வச்சு, மண்ணு மேல சும்மா படுக்க வைங்க, சில கிழமையில வேர் விடும். ரணகள்ளிக்கு இதுவும் தேவையில்ல, இலை ஓரத்துலயே குட்டி முளைக்கும்.

மாவுப்பூச்சி வந்தா பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு துடைங்க.

அடித்தண்டு அழுகினா தூக்கி எறியாதீங்க. கத்திய ஸ்பிரிட்ல துடைச்சு மேல மேல வெட்டிட்டு வாங்க, நடுவுல பழுப்புப் புள்ளி ஒன்னும் இல்லாம பச்சையா தெரியுற வரைக்கும். அந்தத் தலைய ஒரு வாரம் நிழல்ல காய வச்சு புது மண்ணுல குத்துங்க, வேர் பிடிச்ச பிறகுதான் தண்ணி. என் ஏழாவது எச்செவேரியா அப்படி வெட்டினதுதான், இப்ப 3 சட்டியில நிக்குது.