பழைய கார் விற்க விளம்பரம் போடுகிறீர்களா? முதலில் காருக்கு அடியில் படுங்கள்

மூன்று வருடத்துக்கு முன்னம் ஒரு மொறிஸ் மைனருக்கு நான் எழுதிய விளம்பரம் இது: “ஃபுல் ரெஸ்டோர், புது பெயின்ட், ஏ வண் கொண்டிஷன், பார்த்தால் விடமாட்டீர்கள், விலை போனில்.” அதை நம்பிக் கொழும்பிலிருந்து ஒருவர் இரவுக் கோச்சி ஏறி வந்தார். விடிய மட்டக்களப்பு ஸ்டேஷனில் இறங்கி, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் நேரே கராஜுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து லேஞ்சியில் சுற்றிக் கதவுக்குக் கீழே வைத்தார். தகரம் என்றால் காந்தம் ஒட்டும், ஓட்டையை நிரப்பப் பூசும் பட்டி என்றால் ஒட்டாது. ஒட்டாமல் விழுந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தார், அங்கேயும் விழுந்தது. “தம்பி, பட்டிக்கு நல்லாப் பெயின்ட் அடிச்சிருக்கிறீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. இந்தப் பழைய கார்க்காரர்கள் ஆளையாள் தெரிந்தவர்கள், அவர் போய் நாலு பேருக்குச் சொல்ல, எட்டு மாதம் எனக்கு ஒரு கோல் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் விளம்பரம் எழுதும் விதத்தையே மாற்றிவிட்டேன். இங்கே கல்முனையிலும் ஏறாவூரிலும் பழைய கார் எடுத்துத் திருத்தி விற்கும் தம்பிமார் சிலர் கேட்டதால் அதை எழுதுகிறேன்.

சாதாரணக் கார் தேடுபவர் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், ஏசி இருக்கா என்று கேட்பார். மைனரையோ ஒஸ்டினையோ தேடுபவர் அந்தக் காரைப் பற்றி உங்களைவிட அதிகம் படித்திருப்பார். மொறிஸ் மைனர் 1948இல் வந்தது, தொடக்கத்தில் 918 சிசி எஞ்சின், 1952இலிருந்து 803, 1956இல் மைனர் 1000 வந்தபோது 948, பிறகு 1962இல் 1098, இதெல்லாம் அவருக்கு வாய்ப்பாடு மாதிரி. முன் கண்ணாடி நடுவில் தூண் வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தது 1956 வரைதான். ஆகவே நீங்கள் “1953 மொடல்” என்று எழுதிவிட்டு ஒற்றைக் கண்ணாடி வைத்த காரின் படத்தைப் போட்டால், ஒன்றில் உங்களுக்குக் கார் தெரியாது, இல்லாவிட்டால் யாரோ கண்ணாடிச் சட்டத்தை வெட்டி மாற்றியிருக்கிறார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவர் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். அதனால் முதல் வேலை, போனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பொனட்டைத் திறந்து, சேஸி இலக்கத் தகட்டைத் துடைத்து வாசிப்பது. பிந்திய மைனர்களில் அந்த இலக்கம் எம், ஏ, 2, எஸ் என்று தொடங்கினால் முதல் எழுத்து மொறிஸ், அடுத்தது ஏ வரிசை எஞ்சின், 2எஸ் என்றால் இரண்டு கதவு. நாலு கதவுக் காரில் இந்தத் தகடு இருந்தால் அந்தத் தகடு வேறு காருடையது. விளம்பரம் எழுதும் முன்னமே இது தெரிந்துவிட்டால் நல்லது, வாங்க வந்தவர் கண்டுபிடித்தால் அவமானம்.

இனி சொற்கள். “ரெஸ்டோர்” என்ற சொல்லை நாங்கள் தேங்காய்ப்பூ மாதிரி எல்லாவற்றிலும் தூவுகிறோம். வெளிநாட்டு டீலர்களின் விளம்பரங்களை இரவில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள், பிரிங் எ டிரெய்லர், ஹெமிங்ஸ் மாதிரித் தளங்களில் இதற்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆணியையும் கழற்றி, பொடியைத் தகரம் வரைக்கும் சுரண்டித் திரும்பக் கட்டியது ஒன்று. ஓடிக்கொண்டிருந்த காருக்குப் பெயின்ட்டும் குசனும் மட்டும் மாற்றியது இன்னொன்று. தொழிற்சாலையில் போட்ட எஞ்சினே இன்றைக்கும் இருந்தால் அது மேட்சிங் நம்பர்ஸ், அதற்குத் தனி மதிப்பு. உள்ளே புது எஞ்சின், வெளியே பழைய தோற்றம் என்றால் ரெஸ்டோமொட். ஒன்றும் தொடாமல் பழைய பெயின்ட்டோடேயே விற்பதும் உண்டு, அதற்கும் ஆசைக்காரர் இருக்கிறார்கள், சில வேளை அதற்குத்தான் கூட்டம் அதிகம். நீங்கள் செய்தது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். பெயின்ட் மட்டும் அடித்திருந்தால் “பெயின்ட் அடித்தது” போதும்.

எங்கள் நாட்டு மைனர்களில் நிஸான் ஏ12 எஞ்சின் போட்டது நிறைய. அது பாவமில்லை, தினம் ஓடுபவருக்கு அது தலையிடி குறைவு, கியர் பொக்ஸும் சுகம். ஆனால் அதை ஒளிக்கக் கூடாது. எஞ்சின் மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கா, பழைய எஞ்சின் மூலையில் கிடக்கா, காரோடு தருவீர்களா, இந்த மூன்றையும் எழுதிவிட்டால் பாதிக் கேள்வி முடிந்தது. கலர் மாற்றியிருந்தாலும் அப்படித்தான், புத்தகத்தில் பச்சை என்று இருக்கக் கார் சிவப்பில் நின்றால் வாங்குபவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டிவரும்.

இப்போது தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். விளம்பரத்தில் ஊர்ப் பெயர் மட்டக்களப்பு, அக்கரைப்பற்று என்று இருந்தாலே வெளியூர்க்காரர் மனதில் வரும் முதல் வார்த்தை கறள். கடலும் வாவியும் இரண்டு பக்கமும், உப்புக் காற்று, மாரியில் வெள்ளம், 2004 சுனாமி. “தண்ணியில நின்ற காரா?” என்று அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார், கேட்காமலே விட்டுவிடுவார். அதனால் நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும், வாயால் இல்லை, படத்தால். காரை ஜக்கியில் மட்டும் தூக்கிவிட்டு அடியில் நுழைய வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள். மைனர் என்றால் பின் லீஃப் ஸ்பிரிங்கை பொடியோடு பிடிக்கும் இடம், முன் சேஸிக் கால்கள், கதவுக்குக் கீழே ஓடும் சில், நடுக் குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனையும், ஜக்கி வைக்கும் இடமும் அதுதான். இந்த இடங்கள்தான் முதலில் தின்னப்படும். பிறகு முன் சஸ்பென்ஷனின் கீழ் டிரனியன், அதாவது முன் சில்லைத் தாங்கித் திருப்பும் மூட்டு, அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் ஒரு நாள் சில்லு மடங்கிக் கார் மூக்குக் குப்புற விழும் என்பது மைனர்க்காரர் எல்லாருக்கும் தெரியும், கிறீஸ் தெரிகிற மாதிரி ஒரு படம் போட்டால் அவர்களுக்கு நிம்மதியாக நித்திரை வரும். பீட்டில் என்றால் கதவுக்குக் கீழே சூடான காற்றுப் போகும் ஹீட்டர் சனல், பின் சீட்டைத் தூக்கி பற்றரி வைக்கும் தட்டு. மற்றக் கார்களுக்கும் இப்படி இரண்டு மூன்று இடம் இருக்கும், உங்கள் டிங்கரிங் பாஸைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

திருத்தும்போதே படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? ஓட்டை விழுந்த தகரம், வெட்டி எடுத்தது, புதுத் தகரம் வெல்டிங் பிடித்தது, மேலே பிரைமர். அந்த நாலு படம், முடிந்த காரின் நாற்பது படத்தைவிடப் பெரிய சாட்சி. எடுக்காமல் விட்டவர்கள் அடுத்த காரிலாவது எடுங்கள், பாஸிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் நீங்கள் போகுமுன் எல்லாம் மூடிப் பட்டி பூசிவிடுவார்.

வெளிப் படங்களுக்கு வெளிச்சம்தான் எல்லாம், அதில் எங்களுக்குக் கொடுப்பினை இருக்கிறது. விடியக் கல்லடிக் கடற்கரை வீதியில் சூரியன் கடலிலிருந்து நேரே வரும், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். பின்னேரம் என்றால் வாவிக்கரை. மத்தியான வெயிலில் எடுத்தால் குரோமியம் முழுக்க வெள்ளைப் பொட்டு, பெயின்ட் நிறமும் பொய் சொல்லும். கல்லடிப் பழைய பாலம் பின்னால் வந்தால் அழகு, 1920களில் கட்டிய இரும்புப் பாலம், 1950களின் காருக்குப் பொருத்தம்தான். மணலில் மட்டும் இறக்க வேண்டாம், நான் ஒரு ஒஸ்டின் கேம்பிரிட்ஜை இறக்கிவிட்டு மீன்பிடிக்கும் அண்ணன்மார் எட்டுப் பேரைக் கூப்பிட வேண்டி வந்தது. ஃபில்டர் போடாதீர்கள். கீறல், பொத்தல், குசன் கிழிசல் எல்லாவற்றுக்கும் கிட்ட நின்று ஒவ்வொரு படம், விரலை வைத்துக் காட்டுங்கள். வெளிநாட்டில் ஒரு காருக்கு நூறு இருநூறு படம் போடுகிறார்கள், நமக்கு நாற்பது போதும். விளம்பரத் தளம் அத்தனை விடாவிட்டால் மிச்சத்தை பேஸ்புக் அல்பத்தில் போட்டு, அப்படிப் போட்டிருக்கிறது என்று விளம்பரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வீடியோவில் ஒரே ஒரு விஷயம்: குளிர் எஞ்சின் ஸ்டார்ட். விடிய, ராத்திரி முழுக்க நின்ற காரில், முதலில் ரேடியேட்டரில் கையை வைத்துக் காட்டி, வெட்டாமல் ஒரே ஷொட்டாக எடுத்து, ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடம் ஓட விட்டு, சைலன்சர்ப் பக்கம் போய்ப் புகையைக் காட்டுங்கள். பாட்டுப் போட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். மைனரின் எஞ்சின் வேகம் குறையும்போது சைலன்சரில் பொரிகிற அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அந்த மனிசன் வீடியோவையே திறக்கிறார், அதற்கு மேல் நீங்கள் சினிமாப் பாட்டை ஓட விட்டால் என்ன செய்வார்.

பேப்பர்கள். பதிவுப் புத்தகம் யார் பெயரில், வாங்கியவர் பெயர் மாற்றாமல் கைமாறுகிற ஓப்பின் பேப்பரா, இந்த வருட லைசன் இருக்கா, புகைப் பரிசோதனை எப்போது செய்தது. படம் போடும்போது உரிமையாளரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், சேஸி இலக்கத்தின் கடைசி எண்கள் எல்லாவற்றையும் மறையுங்கள். நம்பர் பிளேட்டை மட்டும் முழுக்க மறைக்காதீர்கள், முன் எழுத்துத் தெரிய வேண்டும். 1956 வரை சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில் இரண்டை எடுத்து சிஎன், ஈஎல் என்று பிளேட் கொடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் ஸ்ரீ வந்தது. அந்தச் சிங்கள ஸ்ரீயை எதிர்த்து 1957, 58இல் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த போராட்டம் எங்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், இன்றைக்கு அதே “1 ஸ்ரீ” பிளேட்டுக்கு ஆசைக்காரர் தனிக் காசு கொடுக்கத் தயாராக இருப்பதைப் பார்த்தால் அவர்கள் சிரிப்பார்கள். வாங்குபவர் அந்த எழுத்தைப் பார்த்தே காரின் வயதைக் கணித்துவிடுவார். மொறிஸ், ஒஸ்டின் கார்களுக்கு இங்கிலாந்தின் கெய்டன் கிராமத்திலுள்ள கார் அருங்காட்சியகத்திலிருந்து பிறப்புச் சான்று மாதிரி ஒரு ஹெரிட்டேஜ் சான்றிதழ் எடுக்கலாம். எந்தத் திகதியில் செய்தது, எந்தக் கலரில் வெளியே வந்தது என்றெல்லாம் அதில் வரும். காசு கட்ட வேண்டும், விலை கூடின காருக்கு அது வீண்போகாது.

இனி எழுத்து. ஒரு மாதிரிக்கு இப்படி:

“மொறிஸ் மைனர் 1000, 1958, இரண்டு கதவு, ஸ்ரீ இலக்கம். 948 சிசி எஞ்சினுக்குப் பதில் நிஸான் ஏ12, புத்தகத்தில் ஏறியுள்ளது, பழைய எஞ்சின் காருடன் தரப்படும். சில் இரண்டும் பின் ஸ்பிரிங் பிடியும் வெட்டிப் புதுத் தகரம் போட்டது, வேலை நடந்தபோது எடுத்த படங்கள் உண்டு. இடது பின் மட்காட்டில் கொஞ்சம் பட்டி இருக்கிறது, படம் 17. பெயின்ட் அடித்து இரண்டு வருடம், தொழிற்சாலைக் கலர் இல்லை. குசன் புதிது, ஒரிஜினல் தையல் இல்லை. வைப்பர் மெதுவாக வேலை செய்யும், எண்ணெய் மீற்றர் வேலை செய்யாது. வெள்ளத்தில் நின்றதில்லை. லைசன் உண்டு, சொந்தப் பெயர். கார் நிற்பது களுவாஞ்சிக்குடி. காந்தம் கொண்டு வரலாம்.”

அந்தக் கடைசி வசனத்துக்காகவே எனக்கு இரண்டு பேர் கோல் எடுத்திருக்கிறார்கள். இதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், பழைய கார் கழகங்களில் மூன்று மொழிக்காரரும் இருக்கிறார்கள். போனில் மொழிபெயர்த்து அப்படியே ஒட்டாதீர்கள், என் முதல் சிங்கள விளம்பரத்தை அம்பாறையில் ஒரு நண்பரிடம் காட்டினேன், ரொம்ப நேரம் சிரித்தார், பிறகு அவரே எழுதித் தந்தார்.

விலையை எழுதுங்கள். “விலை போனில்” என்றால் ஏதோ ஒளிக்கிறீர்கள் என்றுதான் படும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஓட்டைக் காருக்கும் விலை ஏறியது, 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், அந்த இடைக்கால விலையை இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களின் விளம்பரம் மாதக்கணக்கில் அதே இடத்தில் கிடக்கிறது. செலவுச் சிட்டையைக் கூட்டி அதுதான் விலை என்று சொல்லவும் முடியாது, குசனுக்குக் கொடுத்த காசு முழுதாகத் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

அப்புறம் வட்ஸ்அப்பில் “லாஸ்ட் எவ்வளவு?” என்று வரும். கோபப்படாமல் “வந்து பாருங்க அண்ணன், பார்த்திட்டுக் கதைப்பம்” என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். சேஸிக் காலின் படம் கேட்பவர்தான் உண்மையான வாங்குநர், அவருக்கு அன்றைக்கே அனுப்புங்கள், அவர் வருவதென்றால் மழை நாளாக இல்லாமல் பார்த்துச் சொல்லுங்கள், அட்வான்ஸ் வாங்கினால் துண்டு எழுதிக் கொடுங்கள். கார் கைமாறிய அன்று பின்னேரமே எல்லாத் தளத்திலும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், யாராவது அன்றிரவுக் கோச்சியில் ஏறிவிடுவார்.